தலை இடப்பக்கம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்குப் 'பூச்சி டாக்டர்' என்று பெயர். பட்டம் வாங்கியவள், அதனால் டாக்டர். புழுவோடு வேலை, அதனால் பூச்சி. கூட்டிக்கழித்துப் பார்த்தால் நியாயமான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. காய்கறிப் பையோடு மூச்சு வாங்க மாடி ஏறும்போது யாராவது ஒரு தாய் வழிமறிப்பாள்.

"எங்க சின்னவன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறான். வயித்துல பூச்சியா இருக்குமோ? என்ன குடுக்கலாம்?"

ஆரம்ப காலத்தில் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் சொல்வாள். தன்னுடைய புழு வயிற்றுப் புழு அல்ல, மண்ணில் கிடப்பது, நூல் துணுக்கு அளவுகூட இல்லாதது, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது. அந்தத் தாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மருந்து?" என்பாள். இப்போதெல்லாம் விளக்கம் கிடையாது. "மருந்துக்கடையில கேளுங்க, குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியைப் பார்த்து ஏறிவிடுவாள். ஐம்பதைத் தொட்ட முழங்காலுக்கு அந்தப் படிகளே போதும் போதும் என்றிருந்தன.

அப்படி என்னதான் ஆராய்கிறாள் என்று கேட்டால், சொல்வதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. புழுவின் கரு முதலில் ஒரே ஒரு செல். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வித்தியாசமில்லாமல் முட்டை வடிவத்தில் கிடக்கும். இரண்டாகப் பிளப்பதற்கு முன்னால் அது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எந்த முனை தலை, எந்த முனை வால். மூளையும் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடையாது. உள்ளே இருக்கும் சில புரதங்கள் ஒரு முனைக்கும் வேறு சில மறுமுனைக்கும் போய் ஒதுங்கிக்கொள்ளும், கூட்டமான பஸ்ஸில் சிலர் முன்னாலும் சிலர் பின்னாலும் நகர்ந்துகொள்வதுபோல. அதை வைத்துச் செல் பிளக்கும். தலைப்பக்கத்துத் துண்டு பெரிசு, வால்பக்கத்துத் துண்டு சிறிசு. சாவகாசமாக ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். அந்த ஒரு காபி நேரத்தைத் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்த்ததிலேயே அவளுடைய இளமை போய்விட்டது. இன்னும் ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஓய்ந்துவிட்டார்கள்.

வேலை என்னவோ ஒரே வேலைதான். புழுவைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து ஊசியால் கீறினால் கருக்கள் வெளியே வரும். மெல்லிய குழாயால் அதில் ஒன்றை உறிஞ்சிக் கண்ணாடியில் வைத்து மூடி, மைக்ராஸ்கோப்பின் கீழே படம் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் விழும் கரு நேராக விழுமா? நெடுக்காக, குறுக்காக, தலைமாடு கால்மாடாக, அதன் இஷ்டத்துக்கு விழும். அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது: தலை இடப்பக்கம். செல் பிளந்ததும் பெரிய துண்டு எது என்று பார்த்து, அது இடப்பக்கம் வரும்படி படத்தைத் திருப்பிச் சேமித்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேடம் சொன்னது அது. ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான அந்த மேடத்துக்கு அவருடைய ஆசிரியர் சொன்னது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறோம், ஏன் என்றா கேட்கிறோம்.

அவளுக்கென்று கொடுக்கப்பட்டது ஒரு மரபணு. அதைக் கொஞ்சம் பழுதாக்கினால் கரு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் பார்த்தாள். கரு தயங்கியது, முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் தலை ஒழுங்காகத் தலையாகவே இருந்தது. 'தாமதம் உண்டு, திசை தப்புவதில்லை.' இந்த ஒரு வரிதான் அவளுடைய கண்டுபிடிப்பு.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவளுடைய அப்பாவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. "நம்ம பஸ் மாதிரிதான்னு சொல்லு. லேட்டா வரும், ஆனா வேற ஊருக்குப் போகாது" என்பார்.

அந்த அப்பாவுக்குத்தான் போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் சோர்ந்துபோனது ஒன்று. அதைவிட வினோதமான இன்னொன்றும் ஆயிற்று. கண் பார்வை கெடவில்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்கு மறந்துபோயிற்று. வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு, முடிந்தது என்று கத்தியைக் கீழே வைப்பார். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்பார். மறுபாதி அவர் மூக்குக்குக் கீழே அப்படியே கிடக்கும். வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்து வண்டி ஓட்டிய மனுஷனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாதி சாப்பிட்டதும் தட்டை அரைவட்டமாகத் திருப்பிவிடுவாள். இடப்பக்கத்துச் சோறு வலப்பக்கம் வந்துவிடும். "இன்னும் போட்டியா? போதும்மா" என்று சொல்லிக்கொண்டே அதையும் சாப்பிட்டு முடிப்பார். மதியத்தில் எதிர்வீட்டு அம்மா வந்து ஸ்பூனால் ஊட்டிவிட்டுப் போவார். மாலைச் சாப்பாடு மட்டும் இவள் பொறுப்பு. 'இடப்பக்கமா உக்காந்து பேசுங்க, போகப் போகப் பழகும்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்ததால் சமையலறை வாசலை ஒட்டி அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். சன்னலோரமாக, வலப்பக்கத்தில் இருந்த நாற்காலியில் மடிக்காத துணிகள் குவிந்துகிடந்தன. அவள் அன்றைய கதையைச் சொல்வாள், அவர் சன்னல் பக்கமாகப் பார்த்தபடியே பதில் சொல்வார். ரோட்டைப் பார்த்தே பேசிப் பழகிய டிரைவர் புத்தி போகவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷத்தோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. அந்தக் கண்டுபிடிப்பை வைத்து அவள் எழுதிய கட்டுரை அச்சில் வந்தால் வேலை நீடிக்கும், வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதில் மறைவு ஒன்றுமில்லை, அலுவலகத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, அப்பாவின் மருந்து, வாரத்துக்கு ஒருமுறை கை கால் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண், எல்லாம். ஐம்பது வயதில் புழுவைக் கீற மட்டுமே தெரிந்த ஒருத்திக்கு வேறு யார் வேலை தருவார்கள்? நல்லவேளையாகக் கட்டுரையை ஒரு ஆய்வுப் பத்திரிகையில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் வெள்ளிக்கிழமைக்குள் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுச் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்த வாரத் தொடக்கத்தில் பிசியோ பெண் வந்தபோது அப்பாவின் இடது கையை நீட்டி மடக்கிக்கொண்டே கேட்டாள். "சாப்பாட்டுல இடப்பக்கம் இப்ப கொஞ்சமாவது பாக்குறாராக்கா? எவ்வளவு மிச்சம் வைக்கிறார்?"

"மிச்சமே வைக்கிறதில்ல. தட்டு காலியாயிடும்."

"அட, பரவாயில்லையே."

"பாதியில நான் தட்டைத் திருப்பிடுவேன். அதான்."

பிசியோ பெண் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நீங்களே திருப்பிட்டா, அவருக்கு எது தெரியுது எது தெரியலன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? திருப்பிட்டுப் பாத்தா எல்லாத் தட்டும் காலியாத்தான் இருக்கும். ஒரு வாரம் திருப்பாம விட்டுப் பாருங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

சரி என்று தலையாட்டினாள். அன்று மாலை தட்டைத் திருப்பவில்லை. அப்பா வலது பாதியை வழித்துச் சாப்பிட்டார், விரலை நக்கினார், காத்திருந்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மீந்த பாதிச் சோற்றை அவள் குப்பையில் கொட்டினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது அந்தப் பெண் சொன்னது தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. திருப்பிட்டுப் பாத்தா எல்லாத் தட்டும் காலியாத்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு வந்து கட்டுரையைத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் படங்கள். எல்லாவற்றிலும் தலை இடப்பக்கம். இருக்காதா பின்னே, திருப்பி வைத்தது அவள்தானே. எதைப் பார்த்துத் திருப்பினாள்? பெரிய துண்டைப் பார்த்து. அந்தப் பெரிய துண்டே தப்பான முனையில் உண்டாகியிருந்தால்? திருப்பிய பிறகு அதுவும் சரியானதைப் போலத்தானே தெரியும்?

கட்டுரையை மூடிவைத்தாள்.

திருப்பினாலும் மறையாத அடையாளம் ஒன்று கருவில் உண்டு. பிளப்பதற்கு முன்னால் கரு தனக்கு வேண்டாத ஒரு துணுக்கை வெளியே தள்ளும். அது ஓரத்தில் சின்னக் குமிழ்போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒழுங்கான கருவில் தலை உண்டாகும் முனையில்தான் அது இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. பாதிப் படங்களில் கண்ணுக்கே தெரியாது. அவள் பழைய படங்களைத் திறந்து குமிழைத் தேட ஆரம்பித்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். முதல் படத்தில் குமிழ் இடப்பக்கம். அடுத்ததிலும் இடப்பக்கம். அதற்கடுத்ததில் தெரியவில்லை. அதற்கும் அடுத்ததில் வலப்பக்கம்.

மதியம் தாண்டியும் சாப்பிடப் போகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழுதில்லாத புழுக்களின் படங்களில் குமிழ் ஒன்றுவிடாமல் இடப்பக்கம் இருந்தது. பழுதான புழுக்களின் படங்களில், குமிழ் தெரிந்தவற்றில், ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அது வலப்பக்கம். அதாவது வாலாக வேண்டிய முனை தலையாகியிருக்கிறது. திசை தப்பித்தான் இருக்கிறது, அதுவும் தாராளமாக. அப்படித் தப்பிய கருவும் சாகவில்லை, ஊனமாகவும் இல்லை. தலையும் வாலும் இடம் மாறி முடிவானாலும் வளர்ந்து வந்தது முழுப் புழுதான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது மறைக்கிறோம் என்று தெரியும். இவர்கள் அதுகூடத் தெரியாமல் மறைத்திருந்தார்கள்.

மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் வீங்கிய கால்களை ஒரு ஸ்டூலின்மேல் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், அவருக்கும் இதுதான் கடைசிக் கட்டுரை. படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"திருப்பினது நீ" என்றார்.

"திருப்பச் சொன்னது நீங்க."

"எனக்குச் சொன்னவர் செத்தே போயிட்டார். அவர்கிட்ட போய்க் கேக்கவா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றும் போனது.

"அந்தப் புழுவுக்கே தெரியாது" என்றார் மேடம். "நல்லாத்தானே வளருது, முட்டை போடுது. இந்தக் குமிழை எவன் வந்து எண்ணப் போறான்?"

"நான் எண்ணிட்டேனே மேடம்."

மேடம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாத்தையும் முதல்ல இருந்து படம் எடுக்க ஒரு வருஷம் ஆகும். உன்கிட்ட அவ்வளவு நாள் இல்ல. கட்டுரையை நிறுத்தினா உன் வேலையும் நின்னுடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"எனக்குத் தெம்பில்ல. முதல் பேரு உன்னுது. அழுத்துறதுன்னா நீயே அழுத்து, நிறுத்துறதுன்னா நீயே நிறுத்து. எதுவானாலும் நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

கைகழுவுவதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. ஆனால் மேடத்தின் மேல் கோபப்படவும் அவளிடம் தெம்பில்லை. அந்தக் கட்டடத்தில் தெம்போடு இருந்தவை ஜெல்லித் தட்டுகளில் நெளிந்த புழுக்கள் மட்டும்தான்.

யோக்கியமாகச் சொன்னால், அழுத்திவிடத்தான் அவளுக்கு ஆசை. புதன்கிழமை பகல் முழுக்க அந்தப் பொத்தான்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புழுவுக்கு நஷ்டமில்லை, உலகத்துக்கு நஷ்டமில்லை, வாடகை கொடுக்க வேண்டியவளுக்கு மட்டும் ஏன் நஷ்டம் வர வேண்டும் என்று தனக்குத்தானே வாதாடினாள். நல்ல வாதம்தான். ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்தால் தட்டு இருந்தது. அப்பா வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "என்ன பாப்பா, இப்பல்லாம் கையைச் சுருக்கிட்ட? வீட்டுல அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டார். திருப்பிவிடலாமா என்று கை நீண்டது. நீண்ட கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக அவர் தேறி வருகிறார் என்றுதான் நம்பியிருந்தாள். காலித் தட்டைக் கழுவும்போதெல்லாம் ஒரு நிம்மதி இருந்தது. தேறவில்லை, கொஞ்சம்கூடத் தேறவில்லை என்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

தினமும் அந்த மிச்சப் பாதியைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, 'திசை தப்புவதில்லை' என்ற வரியைப் பார்த்துச் சம்மதம் சொல்ல முடியவில்லை. பெரிய தர்மம் என்று ஒன்றுமில்லை. முடியவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்கு எழுதினாள்: படங்களைத் திருப்பியதில் பிழை, முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். மேடம் அதை வாசித்துவிட்டு, ஒரு எழுத்தையும் மாற்றாமல் தன் பெயரையும் அடியில் சேர்த்தார். அது மட்டும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அலுவலகத்துக்காரர்கள் நாள் கடத்தவில்லை. அடுத்த வாரத் தொடக்கத்திலேயே கூப்பிட்டு, இந்த மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்து, புழுத் தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

பிசியோ பெண் சொன்ன வாரம் அன்றோடு முடிந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சமையலறை வாசலை ஒட்டிய தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அப்பா பாதி சாப்பிட்டிருந்தபோது ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்தக் கட்டுரை வரப்போறதில்ல. தப்பாப் போச்சு."

"எந்தக் கட்டுரை? நம்ம பஸ்ஸா?"

"ஆமாப்பா. லேட்டா மட்டும் வரல. பல தடவை வேற ஊருக்கே போயிருக்கு."

அவர் மெல்வதை நிறுத்தினார். "ஓட்டினது நீயா?"

"நான்தான்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வேலை போயிடுச்சுப்பா. இந்த மாசத்தோட சரி."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவார், பயப்படுவார், இனி என்ன செய்வது என்று கேட்பார், எது வந்தாலும் தாங்கத் தயாராக இருந்தாள். அப்பா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு வலப்பக்கம் திரும்பி, நாற்காலியில் குவிந்துகிடந்த துணிகளைப் பார்த்துச் சொன்னார்.

"போனாப் போகுது, விடு. உனக்கும் ஓய்வே இல்ல. வேலை வேலைன்னு இருந்ததுல இந்த வீட்டுல உன் குரல் மட்டும்தான் கேக்குது. நான் சாப்பிடறப்ப நீ பக்கத்துல வந்து உக்காந்து எவ்வளவு நாளாச்சு, பாப்பா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒரு மாலை தவறாமல் அவள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முழங்கைக்கும் அவர் முழங்கைக்கும் இடையில் ஒரு டம்ளர் வைக்கத்தான் இடமிருந்தது. அவர் சன்னலைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. குரல் வந்தால் ஆள் இருக்க வேண்டுமே என்று, தெரிந்த ஒரே பக்கத்தில் இத்தனை மாதமாக மகளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வேலை போன செய்தியைக் கேட்டபோது வராத அழுகை இப்போது வந்தது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் போய், துணிகளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு, சன்னலோர நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்து உட்கார்ந்தாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா. இப்பத்தான் வந்தியா?"

"இப்பத்தான்ப்பா வந்தேன்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"எல்லாத்தையும் நானே சாப்பிட்டுட்டேனே" என்றார் அவர், வருத்தத்தோடு.

அவள் தட்டைத் திருப்பவில்லை. அவருக்கு முன்னால் கையை நீட்டி, மறுபக்கத்தில் ஆறிப்போய்க் கிடந்த சோற்றிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். அப்பா அவள் கையையே பார்த்தார்.

"அது எங்க இருந்துச்சு?"

"இங்கதான்ப்பா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.